பொம்மர்க்காரனுக்கு எள்ளுத் தண்ணீர்

விமானச் சத்தம் கேட்டால் என் தோள்கள் இரண்டும் தாமாகவே காதுவரை உயரும். கனடாவுக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. எனக்குக் குடியுரிமை கிடைத்தது, தோள்களுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், மொன்றியல் தீவின் மேற்கு நுனியில், தண்ணீரைப் பார்த்தபடி இருக்கிறது. காற்றுத் திசை ஒத்துவந்தால் டோர்வால் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் கூரைக்கு மேலால்தான் போகும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் குண்டு போட வந்த விமானங்களைப் பெரியவர்கள் வகை பிரித்து விதவிதமான பெயர்கள் சொல்வார்கள். எனக்கு எல்லாமே பொம்மர். அது வந்தால் பங்கர்க் குழிக்குள் ஓட வேண்டும், அவ்வளவுதான். இங்கே ஓடத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். தோள்களுக்கு யார் சொல்வது?

வேலையில் சேர்ந்த முதல் பனிக்காலத்தில், ஒரு பின்னேரம், ஆற்றுப் பக்கத்து அறையொன்றில் திரைச்சீலையை இழுத்துக்கொண்டிருந்தேன். வெளியே எல்லாம் வெள்ளை. எது தண்ணீர், எது கரை, எது வானம் என்று பிரித்துச் சொல்ல முடியாத வெள்ளை. அதற்குள் எங்கோ ஒரு விமானம் முனகிக்கொண்டு போனது. சாய்நாற்காலியில் இருந்த மூதாட்டி கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எல்லாரும் வந்திட்டினமோ?"

அவர் கேட்டது ஆங்கிலத்தில். ஆனால் என் நினைவில் அவர் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். எவ்வளவு முயன்றும் அவரை ஆங்கிலத்துக்குத் திருப்பி அனுப்ப முடியவில்லை. அதனால் அப்படியே எழுதிவிடுகிறேன். அங்கே எல்லோரும் அவரை மடாம் என்போம். வேலை பழக்கிய பெண் எனக்கு முன்பே சொல்லிவைத்திருந்தாள்: மடாம் கேட்டால், இன்னும் இல்லை, வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் சாப்பிடுவார். நானும் அப்படியே சொன்னேன். மடாம் தலையை ஆட்டிவிட்டுச் சூப் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறதி என்றுதான் முதலில் நினைத்தேன். மறதியில்லை, அது அவர்கள் வீட்டு வழக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் பண்ணைகளாம். டோர்வாலில் இருந்து புத்தம்புது விமானங்கள் கடல் கடந்து போருக்குப் போகுமாம். மடாம் அப்போது பள்ளிக்கூடச் சிறுமி. அவருடைய தமையன் விமானப்படையில் சேர்ந்து இங்கிலாந்துக்குப் போய்விட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார முதல் வானொலியைப் போடுவார்களாம். நேற்றிரவு போன விமானங்களில் எத்தனை திரும்பவில்லை என்று அது ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டு வேறு செய்திக்குப் போய்விடுமாம். தாயார் அடுப்படியில் நின்றபடி, எல்லாரும் வந்திட்டினமோ என்று கேட்பார். ஒருநாள் வானொலி சொன்ன எண்ணிக்கைக்குள் அவர்கள் வீட்டு விமானமும் இருந்தது. அது எங்கே விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். முதலில் தெரிந்தது கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்த படம். வீட்டளவு பெரிய விமானம், அதன் மூக்குக்குக் கீழே தோளில் கைபோட்டபடி ஏழு பொடியன்கள். ஒருவன் சிரிப்பை அடக்கமாட்டாமல் வாயைக் கோணலாக வைத்திருந்தான். அவன்தான் தமையன்.

"இது என்ன பிளேன், மடாம்?"

"பொம்மர். நாலு எஞ்சின். ஏழு பேர் ஏறுவினம். அண்ணை வால்பக்கத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளை மெசின் துவக்கோடை இருக்கிறவர்."

நான் தூசித்துணியைக் கீழே வைத்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும்.

"ஆருக்கு மேலை போட்டவையாம்?"

மடாம் என்னை நன்றாகப் பார்த்தார்.

"ஊருகளுக்கு மேலை. அங்கை பிள்ளையளும் இருந்திருக்குங்கள். எங்கட அம்மா அதை நினைச்சு நினைச்சு நித்திரை கொள்ளமாட்டா. மகன் திரும்பி வரவேணும் எண்டும் கும்பிடுவா, அவன் போட்டது ஒருத்தரிலையும் விழக்கூடாது எண்டும் கும்பிடுவா. ரெண்டும் நடக்கேல்லைப் பிள்ளை."

எங்களுக்கு மேலேயும் போட்டார்கள் என்றேன். எங்கள் வீட்டில் பாதி போனது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் போனார்கள் என்றேன். மடாம் கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. தேநீர் எடுத்துவருகிறேன் என்று வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அந்தக் கை நாற்காலிப் பிடியின் மேல் அப்படியே விரித்தபடி இருந்தது. கோப்பையை வைத்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டேன்.

வால்பக்கத்துக் கூண்டில் இருப்பவனுக்குப் போகிற இடம் தெரியாதாம். முதுகைக் காட்டிக்கொண்டுதான் போவானாம். விட்டுவந்தது மட்டும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே, சின்னதாகிக்கொண்டே இருக்குமாம். இதைக் கேட்ட நாளிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் எனக்கு ஒரே மாதிரிக் கனவு வரத் தொடங்கியது. கண்ணாடியில் தலையைச் சாய்த்தால் போதும், பனிக்கு நடுவில் என் அண்ணை சைக்கிளில் பின்பக்கமாகப் பார்த்தபடி மேலே மேலே போவார். கைபிடியில் பாண் ரொட்டிப் பை தொங்கும். நானும் அம்மாவும் எங்கள் படலையும் அவருக்குச் சின்னதாகிக்கொண்டு போவது எனக்குத் தெரியும். பயமாக இராது. லாசாலில் எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது என்று யாராவது எழுப்பினால்தான் பயம் வரும்.

அண்ணை ஒருநாள் காலை பாண் வாங்கப் போனவர். சைக்கிள் மட்டும் ஒரு வேலியோரம் பூட்டியபடி நின்றது. அம்மா போகாத இராணுவ முகாமில்லை, கேட்காத ஆளில்லை. கடைசியில் என்னோடு இங்கே வந்து, லாசாலில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டு யன்னலடியில் உட்கார்ந்துவிட்டார். மாதம் தவறாமல் அண்ணையின் நட்சத்திரத்தன்று கோயிலுக்குப் போய் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்வார். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்கு: ஆயுளும் ஆரோக்கியமும் கேட்பது. இறந்தவர்களுக்கு என்றால் எள்ளும் தண்ணீரும். யாராவது ஆடி அமாவாசைக்கு அண்ணைக்கும் இறைத்துவிடலாமே என்று வாய் திறந்தால் அம்மா அவர்களோடு பிறகு கதைக்கவே மாட்டார்.

ஆனால் இருட்டில், பக்கத்துக் கட்டிலில் இருந்து, என்னிடம் மட்டும் கேட்பார். "உயிரோடை இருக்கிறவனுக்கு எள்ளு இறைச்சா நானே அவனைச் சாக்காட்டின மாதிரி. செத்தவனுக்கு இறைக்காமல் விட்டா அவன் தண்ணிக்கு அலைவான். நான் கண்ணை மூட முதல் எது சரியெண்டு ஆரடி சொல்லுவினம்?" அம்மாவின் இதயம் பலவீனமாகிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வந்தது.

மடாமைப் பற்றி அம்மாவிடம் சொன்னபோது தமையன் காணாமல் போனவராம் என்று மட்டும்தான் சொன்னேன். அது போதுமாக இருந்தது. அடுத்த முறை கோயிலில் ஐயர் பெயர் கேட்டதும் அம்மா அண்ணையின் பெயரைச் சொல்லிவிட்டு, "இன்னொரு பிள்ளையும் இருக்குது ஐயா" என்றார். வெள்ளைக்காரப் பெயர். ஐயர் இரண்டு தரம் கேட்டார். நட்சத்திரம் தெரியாது. ஐயர் கெட்டிக்காரர், பெயரின் முதலெழுத்தை வைத்து ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மாதாமாதம் மொன்றியலில் ஒரு முருகன் சந்நிதியில் அந்தப் பெயர் நொண்டி நொண்டி ஒலித்தது. அதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். மடாமுக்குச் சொன்னேன். "அவனுக்கு ஒரு நட்சத்திரமும் இருக்குதோ?" என்று நாள் முழுக்கச் சந்தோசப்பட்டார்.

பிறகு ஒரு நத்தார்க் காலத்தில் இல்லத்தில் கிறிஸ்மஸ் மரத்தடியில் தேநீர் விருந்து வைத்தார்கள். அம்மாவையும் கூட்டிப்போனேன். விருந்து முடிந்து மடாமின் அறையில் அம்மாவும் மடாமும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் கையைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அம்மாவின் கண் படத்தில் போய் நின்றது.

"பிள்ளை, இதென்ன பொம்மரோ?"

ஓம் என்றேன். அம்மா கையை மெல்ல உருவிக்கொண்டார். எங்கள் நிறுத்தத்தில் இறங்கிய பிறகுதான் வெடித்தார். "பொம்மர்க்காரனுக்கோ நான் அர்ச்சனை செய்துகொண்டிருந்தனான்? அந்தப் பேரை இனி எடுக்கமாட்டன்!" பனிக்குள் எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தார். அந்த இதயத்தோடு அவ்வளவு வேகமாக நடந்ததை அன்றுதான் கண்டேன்.

அடுத்த நட்சத்திரத்தன்று ஐயர் வழக்கம்போல் பெயர் கேட்டார். அம்மா அண்ணையின் பெயரைச் சொன்னார். பிறகு மற்றப் பெயரையும் சொன்னார். வெளியே வந்து நான் ஒன்றும் கேட்காமலே, "அது வாயில தன்பாட்டில வந்திட்டுது" என்றார். அதன் பிறகும் மாதாமாதம் தன்பாட்டிலேயே வந்தது.

இப்படியிருக்கையில் ஒல்லாந்தில், அதுதான் நெதர்லாந்தில், ஒரு ஏரியின் சேற்றுக்குள் இருந்து மடாமின் தமையன் போன விமானத்தை எடுத்துவிட்டார்கள். உள்ளே எலும்புகள் இருந்தன. படைத்தரப்பில் இருந்து ஒரு பெண் அதிகாரி வந்து மடாமின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி மரபணுச் சோதனைக்கு எடுத்துப்போனார். பல மாதங்கள் கழித்து அதே பெண் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. வால்பக்கத்தில் இருந்தவர் மடாமின் தமையன்தான். ஏழு பேரும் இருந்தார்கள். அந்த நாட்டிலேயே ஏழு பேரையும் ஒரே வரிசையில் அடக்கம் செய்தார்கள். மடாமும் நானும் அதைக் கைபேசித் திரையில் பார்த்தோம். அங்கே மழை. ஊதுகுழல் ஊதியவனின் கன்னத்தால் மழை வழிந்தது.

அன்று பின்னேரம் வழக்கம்போல நாற்காலியை யன்னலடிக்குத் தள்ளினேன். ஒரு விமானம் போனது. என் தோள்கள் உயர்ந்தன. மடாம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது என்னவோ போலிருந்தது.

"எல்லாரும் வந்திட்டினம், மடாம்," என்றேன் நானாக.

"ஓம் பிள்ளை. இனி நான் பின்னேரங்களிலை என்ன செய்யிறது?"

சூப் கிண்ணம் தொடப்படாமல் ஆறியது. அடுத்த நாளும் அப்படித்தான். ஒரு மனுசிக்கு நிம்மதி வந்தால் இப்படியா இருக்கும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"அப்ப நான் பேர் சொன்ன மாசமெல்லாம் அவன் அந்தத் தண்ணிக்குள்ளை கிடந்தவனோ?"

"ஓம் அம்மா. நான் பிறக்கிறதுக்கும் எவ்வளவோ முந்தி."

"செத்தவனுக்கு நான் ஆயுள் கேட்டிருக்கிறன்," என்றார் அம்மா. "அவன் தண்ணிக்கு விடாய்ச்சுக் கிடக்கிறான், நான் அவனுக்குத் தேங்காயும் பூவும் குடுத்துக்கொண்டு நிண்டிருக்கிறன்."

அம்மா யாரை நினைத்து நடுங்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த மாதம் அண்ணையின் நட்சத்திரம் வந்தது. அம்மா சேலை மாற்றினார், திருநீறு பூசினார், கதவடிவரை வந்தார், பிறகு திரும்பிப்போய் யன்னலடியில் உட்கார்ந்துகொண்டார். என் வாழ்நாளில் அம்மா அந்த அர்ச்சனையைத் தவறவிட்டது அன்றுதான்.

ஆடி பிறந்ததும் அம்மாவே தொடங்கினார். "பொம்மர்க்காரனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கவேணும். என்ர பிழையை நான்தானே திருத்தவேணும்." ஐயரிடம் கேட்டோம். அதற்கு உரித்துள்ள ஆண்பிள்ளை வேண்டும் என்றார் ஐயர். "இவ்வளவு காலமும் ஒருத்தரும் இறைக்கேல்லை. உரித்துக்காரன் வருவான் எண்டு இனியும் காத்திருக்கிறதோ?" என்று அம்மா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக் கேட்டார். சுவர் சம்மதித்துவிட்டது.

மடாமிடம் எங்கள் வழக்கத்தை விளக்கினேன். இறந்தவர்களின் தாகம் தீர எள்ளுக் கலந்த தண்ணீர் வார்ப்போம் என்றேன். பல நாட்களுக்குப் பிறகு மடாமின் வாய் தமையனுடையதைப் போலவே கோணியது.

"அவன் இவ்வளவு வருசமும் ஏரிக்குள்ளை கிடந்தவன் பிள்ளை. அவனுக்குத் தண்ணியோ குடுக்கப்போறியள்? தேத்தண்ணி எண்டாக் குடிப்பான்."

அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "சீனி எத்தினை கரண்டியாம் எண்டு கேள்" என்றார்.

ஆடி அமாவாசையன்று அம்மா விரதத்தோடு இரண்டு பேருந்து மாறி என்னோடு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு வந்தார். பையில் செம்பு, எள்ளு, கடையில் வாங்கிய வாழையிலைத் துண்டு, ஒரு பிளாஸ்க். மடாமைச் சக்கர நாற்காலியில் வைத்து, படகுகளை இறக்கும் கற்சரிவு வரை தள்ளிப்போனேன். காற்றே இல்லை. தண்ணீர் பால் ஆறியதுபோல் அசையாமல் கிடந்தது, அதன் மேல் வெயில் புகையாக நின்றது. தூரத்தில் ஒரு பாய்மரப் படகு போகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. நித்திரைக்குள் இருப்பதுபோலத்தான் இருந்தது.

"மற்ற ஆறு பேற்ற பேரையும் கேள்," என்றார் அம்மா. "ஒண்டாப் போனவை. ஒருத்தனுக்கு மட்டும் குடுத்தா மற்றவை பார்த்துக்கொண்டு நிக்கிறதோ?"

மடாம் கண்ணை மூடினார். படத்தில் நின்ற வரிசையில், இடப்பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு பெயராகச் சொன்னார். நான் சொல்ல, அம்மா தண்ணீரோரம் குந்தியிருந்து, தனக்கு வாய்த்த மாதிரி அதைத் திருப்பிச் சொல்லி, உள்ளங்கை எள்ளின் மேல் தண்ணீர் வார்த்துப் பெருவிரல் பக்கமாக வழியவிட்டார். ஏழாவது பெயர் மடாமின் தமையனுடையது. அவனுடைய பெயரில் மட்டும் அம்மாவின் நாக்கு தடுமாறவில்லை. அத்தனை மாதப் பழக்கம். பிறகு பிளாஸ்கைத் திறந்து தேநீரையும் வார்த்தார். மண்ணிறமாகச் சற்றுத் தூரம் போய்க் கரைந்தது.

முடிந்தது என்று கையைக் கொடுத்தேன். அம்மா எழும்பவில்லை. இன்னொரு பிடி எள்ளை எடுத்தார்.

"இது கீழை இருந்தவைக்கு. இவை போட்டதிலை செத்தவைக்கு."

என்ன சொல்கிறார் என்று மடாம் கேட்டார். சொன்னேன். மடாம் தன் கையை முன்னால் நீட்டி விரித்தார், அன்று எனக்கு நீட்டிய அதே மாதிரி. அம்மா அந்தப் பிடி எள்ளை அதில் வைத்தார். நாற்காலியைத் தண்ணீர்வரை இறக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் செம்பால் வார்க்க, மடாமின் விரல்களுக்குள்ளால் எள்ளு மெல்ல மெல்லப் போனது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் நான் அப்போது நினைத்தேன். அழுதேன்.

மேலே ஒரு விமானம் டோர்வாலுக்கு இறங்கியது. மடாம் ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு பழக்கத்தில் கேட்டார்.

"எல்லாரும் வந்திட்டினமோ?"

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி விளங்கியது.

"இன்னும் ஒருத்தன் இருக்கிறான்," என்றார்.

பையில் கொஞ்சம் எள்ளு மிஞ்சியிருந்தது. அதை முழுவதும் உள்ளங்கையில் கொட்டி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அந்த எள்ளைச் சேலைத் தலைப்பில் போட்டு இறுக்கி முடிந்தார்.

"நான் இருக்குமட்டும் அவனுக்கு அர்ச்சனைதான். பெத்தவள் வேற என்னத்தைக் கேக்கிறது? நான் போனாப் பிறகு, எனக்கு இறைக்கிற அண்டைக்கு அவனுக்கும் சேர்த்து இறைச்சு விடு. அவன் இருந்தானெண்டா அந்தப் பழி என்னோடை வரட்டும். நீ பயப்பிடாதை."

"ஓம் அம்மா."

"அவனுக்குத் தேத்தண்ணி வேண்டாம். கோப்பி. சீனி ஒரு கரண்டி காணும்."

அந்த எள்ளு இப்போது எங்கள் குசினியில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் போத்தலில் இருக்கிறது. அடுத்த மாதம் அண்ணையின் நட்சத்திரத்துக்கு நாங்கள் கோயிலுக்குப் போனோம். ஐயர் பெயர்களைக் கேட்டார். அம்மா ஒரு பெயரை மட்டும் சொன்னார்.